இருபத்தேழாம் கிளை

கடல் உறைந்து சாலையான மாதம்.
எஸ்டோனியக் கரையிலிருந்து ஹீயூமா தீவுக்கு
இருபத்தைந்து கிலோமீட்டர் பனிக்கட்டி.
அதில் துளையிட்டு வரிசையாய் நட்ட
ஜூனிப்பர் கிளைகள்தான் வழி.
சீட் பெல்ட் போடக்கூடாது, சட்டம்.
உடைந்தால் குதிக்க வேண்டுமே.
இருட்டிய பின் ஓட்டக்கூடாது,
அதுவும் சட்டம்.

நான் ஓட்டினேன்.
அறுநூறு கம்பு ரொட்டி,
இருமும் ஹீட்டர், ஒற்றை விளக்கு,
பின்னிரவு மூன்று மணி.

இருபத்தேழாம் கிளையில்
வழி இடப்பக்கம் திரும்பியது.
முந்தின மாலைவரை
நூல் பிடித்தாற்போல் போன வழி.
எவன் வேலை இது என்று
வைதுகொண்டே திருப்பினேன்.
வலப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே
கறுப்பாய் ஒரு கோடு
ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது.

ஹெல்துர் வேலை.
மறுநாள் கடையில் சொன்னார்கள்.
மீன்பிடிக் குடிசையில் படுத்திருந்தவன்
பனி வெடித்த சத்தம் கேட்டிருக்கிறான்.
சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு
ஒன்றரை மணிநேரம் நடை.
பதினான்கு கிளைகளைப் பிடுங்கி
தள்ளி நட்டிருக்கிறான்.
சாலை மூடியிருப்பது அவனுக்குத் தெரியும்.
காலை எட்டுக்குத் திறக்குமுன்
அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்
அளந்து பார்ப்பார்கள் என்பதும் தெரியும்.
ஒருவரும் வராத இரவில்
ஒருவருக்கும் இல்லாமல்
விரல் நுனி ஒன்றைக் குளிருக்குக் கொடுத்துவிட்டு
வந்து படுத்திருக்கிறான்.

வியாழக்கிழமை ரொட்டி கொடுக்கப் போனேன்.
அக்கா சல்மே வந்திருந்தாள்.
பதினோரு பேர் வரும் தேவாலயத்தில்
ஆர்கன் வாசிப்பவள்.
தம்பியோ ஈஸ்டருக்கும் போகாதவன்.

"மேலிருந்து ஒருவர் பார்த்தார்,
அதனால் போனாய்.
நீ ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன."

"பிளவு இருந்தது, சல்மே.
நான் நம்பியதால் விரியவில்லை,
நம்பாவிட்டால் மூடியிருக்காது.
தப்பும் அப்படித்தான்.
அது பாட்டுக்கு இருக்கும்."

அவள் ரொட்டியை அறுத்தபடியே சொன்னாள்:
"பனி மெலிந்தது என்று பிளவு சொல்லும்.
எழுந்திரு என்று சொல்லுமா?
கம்பளிக்குள் சூடாய்க் கிடந்தவனை
எழுந்திரு என்றது எது?"

கட்டுப்போட்ட விரலைப் பார்த்தான் ஹெல்துர்.
"பூட்ஸ் மாட்டியது நினைவிருக்கிறது.
அதற்குமுன் யாரும் எதுவும் சொன்னதாய் இல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"சரி. அவரே தூங்கு, போகாதே என்றிருந்தால்?"

"சொல்லமாட்டார்."

"எப்படித் தெரியும்?"

"நல்லவர்."

சொல்லிவிட்டு, கத்தி ரொட்டியில் பாதி இறங்கிய நிலையில்
அப்படியே நின்றாள்.
அந்தச் சொல்லை எந்த அலமாரியிலிருந்து எடுத்தோம் என்று
தேடுகிறவள் போல.

கெட்டில் விசிலடித்தது.
இருவரும் எழவில்லை.
நான் எழுந்து அணைத்தேன்.

அந்த இரவு வந்தது நான்தான் என்று
அவர்களுக்குத் தெரியாது.
சொன்னால் அபராதம், ஒருவேளை லைசென்ஸும்.
சொல்லாவிட்டால் எதுவுமில்லை.
என் தடத்தை விடியுமுன்னே
பனி தூர்த்துவிட்டது.
ரொட்டிக்குக் காசு வாங்கி,
சரியாய் எண்ணி,
இருபது சென்ட் கூட இருந்ததைத் திருப்பிக் கொடுத்தேன்.
யோக்கியமானவள் நீ, மாரெட், என்றாள் சல்மே.

வேனில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன்.
ஹீட்டர் இருமியது.
அணைத்தேன். மறுபடி திருகினேன்.
மேலே வழக்கமான சாம்பல் வானம்,
அதில் கண் என்று எதையும் நான் பார்க்கவில்லை.
இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது,
என் கண்ணாடியில் பாதி பனி.

மடியில் கையுறை கிடந்தது.
எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை,
படியில் நின்றேன்.
என்ன சொல்லித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.
இரண்டாம் தட்டலுக்கு
சல்மேதான் திறந்தாள்,
கையில் அந்தக் கத்தி,
கத்தியில் வெண்ணெய்.
"என்ன மறந்தாய்?" என்றாள்.