கோட்டுக்கு மேலே

சனிக்கிழமை காலை ஏழு மணி.
சனசமூக நிலையத்துப் படியில்
பதினொரு சோடிச் செருப்பு.
போன மாதம் பத்தொன்பது இருந்தது.

செருப்போடு பெல்ட்டையும் கழற்றுகிறான் அனோஜன்,
மறுகா மணிக்கூடு,
காற்சட்டைப் பையில் கிடந்த சில்லறை,
கடைசியில் மூச்சையும் பிடிக்கிறான்.
"மூச்ச விடு மனே, காத்துக்கு நிறையில்ல"
என்றா மிட்வைஃப் மிஸ்.
எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.
விதுர்ஷினி மட்டும்
சுவரில் ஒட்டிய டெங்கு நோட்டீசை
மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டு நின்றாள்,
நீளக்கைச் சட்டைக்குள்
விரல்நுனி வரை இழுத்து ஒளித்தபடி.

அந்தச் சட்டையைப் பெரிதாகத் தைத்தவள் நான்.
வாழைச்சேனையில் அவளுடைய பள்ளிக்கூடக் கன்டீனுக்கு
நாளுக்கு நூற்றியிருபது ரோல்ஸ்
பொரித்துக் கொடுப்பவளும் நான்தான்.
வெடித்தது, கருகினது, வடிவில்லாதது
வீட்டுக்கு.

முதல் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள்:
ஒரு ரோல்ஸ், பக்கத்தில் கரண்டி கரண்டியாய் எண்ணெய்.
ஒரு தாயும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
அப்படிக் கவனமாய்ப் பார்க்காமல் இருந்தார்களே,
அதுதான் சுட்டது.

இன்றைக்கு மிஸ் பழைய அட்டையைக் கேட்டா,
குழந்தையில் நிறை போட்ட அட்டை.
"இருந்தாக் காட்டுங்க, இல்லாட்டிப் பரவாயில்ல."

இருக்கிறது.
காணி உறுதி போனது, கல்யாணப் படம் போனது.
வாகரையிலிருந்து காட்டுவழி இறங்கிய அந்த மார்கழியில்
இடுப்பில் ஒரு பொலித்தீன் பை,
இடுப்புக்கு மேலே அவள்.
பைக்குள் இது.

முகாமில் வேப்பங்கிளையில் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள்.
காற்சட்டை மாதிரி ஒரு துணிப்பை,
அதில் இரண்டு கால்களையும் நுழைத்து
என் பிள்ளையை மாங்காய் போலத் தூக்கிவிட்டார்கள்.
ஏழு மாதம்.
முள் ஐந்துக்கு வரவேயில்லை.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து
இரண்டு பைக்கற் திரிபோஷா தந்தார்கள்.
சீனி போட்டு உருட்டி ஊட்டினேன்.
பொய் சொல்லமாட்டேன்,
ஒரு பிடி நானும் தின்றேன்.

ஏற வேணும், புள்ளி ஏற வேணும்.
கோயிலில் வேறொன்றும் கேட்கவில்லை நான்.
ஏறச் சொன்னவர்கள் எல்லாரும்
எங்கே நிற்க வேணும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

அட்டையை மேசையில் விரித்தா மிஸ்.
ஐந்து வயதோடு கோடுகள் முடிந்து போயின.
அட்டையைத் தாண்டி, வெறும் பலகையில்
விரலை வைத்து,
"இப்ப புள்ள இந்த இடத்தில நிக்கிறா" என்றா.

விதுர்ஷினி குனிந்து பார்த்தாள்.
பலகையை இல்லை,
அந்தக் கீழ்ப் புள்ளியை.
"இது நானாம்மா?"
"நீதான்."
"அப்ப நீங்க எத்தன கிலோ?"

என்னை அங்கே ஒருத்தரும் நிறுக்கவில்லை.
அதைச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தராசைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.
"ஏறுங்க."
நான் ஏறினேன், மேலே மின்விசிறியைப் பார்த்தபடி.
அவள் இலக்கத்தைப் பார்த்தாள்.
வெளியில் சொல்லவில்லை, எழுதவும் இல்லை.
நான் இறங்கிய சூட்டோடு
தானும் ஏறினாள்.

மறுகா காகித ஆலை மதிலோரம் எல்லாரும் ஓடினார்கள்.
அனோஜன் பாதியில் குந்திவிட்டான்.
மகள் ஓடவில்லை, நடந்தாள்;
நானும் பின்னால் நடந்தேன்.
எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாடு
முந்திப் போனது.

திங்கட்கிழமை.
எண்ணெய்க் கடன் இன்னும் இருக்கிறது,
ஆகவே நூற்றியிருபது.
வெடித்தது ஆறு.
மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன்.
பின்னேரம் திறந்தால் நாலு.

ஒன்றைத் தின்றவள் நான்.
மற்றதைப் பற்றி
வீட்டில் யாரும் கேட்கவில்லை.