சிவப்பு அம்பு

திருப்பூர்க் கல்லூரி மைதானத்தில் ஆளெடுப்பு.
விடிகாலை மூன்றரைக்கே வரிசை.
எனக்கு வரிசை பிடிக்கும்:
முன்னால் ஒரு முதுகு, பேச வேண்டியதில்லை.

பனியன் கம்பெனியில் செக்கிங் நான்.
ஓர் இழை விட்டாலும் சிவப்பு அம்பு ஒட்டிவிடுவேன்.
“இவனக் கொண்டுபோய்ப் பார்டர்ல நிறுத்தோணும்” என்பார் பொன்னுரங்கம்.
கேலியா மெச்சலா, இன்றைக்கும் தெரியாது.

அங்கே ஒரே உடுப்பு, ஒரே மணிக்குச் சோறு.
என்ன செய்வதென்று சத்தமாகவே சொல்லிவிடுவார்களாம்.
இங்கே “சித்தெ இருங்க” என்கிறார்கள்.
சித்தெ என்றால் எத்தனை நிமிடம்?

நோம்பிக்கு வேட்டு வெடித்தால் மட்டும்
தண்ணித் தொட்டிக்குள் இறங்கிக் காதுவரை அமிழ்வேன்.
“குண்டு விழுகறப்ப அங்க தொட்டிக்கு எங்க போவே?”
அக்கா கோகிலவாணி சிரிக்காமல் கேட்டாள்.
சுடச் சொன்னால் சுடுவேனா,
அதை அவள் கேட்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
மூளை வளர்ச்சிக் குறைபாடு உண்டா, இல்லையா.
“இல்லைன்னு போட்டுட்டு வாடா,” நாச்சிமுத்து.
பொய் எழுதினால் எனக்குக் கையெழுத்து கோணும்.
உண்டு என்றால்
முன்னால் இருக்கும் முதுகு போய்விடும்.

குறைபாடு என்ற சொல்லை மறுபடி வாசிக்கிறேன்.
எங்கோ இழை விட்டிருக்கிறது.
அம்பு எடுக்கச் சட்டைப்பைக்குக் கை போகிறது.
பின்னாலிருப்பவன் தள்ளுகிறான்.