அங்கே எவ்வளவு

வியாழன் காலை ஐந்தரைக்குச்
செவ்வாய்ப்பேட்டை குடோனில் ஏற்றும்போது
சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் தூங்கி வழியும்.
அமுக்கினால் அமுங்கும்.
நானூற்று எண்பது உருப்படி. முறுக்கு தனி.

அஸ்தம்பட்டி, கோரிமேடு,
வெள்ளைக்கல் வெட்டிய கரட்டில்
வெயில் அதற்குள் எழுந்து கண்ணைக் குத்தும்.
அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி
வேன் ஜன்னலை முழுசாய் இறக்குவேன்.

மூன்றாவது கொண்டையூசியில் இடது காது அடைக்கும்.
ஏழில் வலது.
பதினொன்றில், எனக்குப் பின்னால்,
பாக்கெட்டுகள் பேச ஆரம்பிக்கும்
சரக் சரக்கென்று
ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டு.
இருபதில் எல்லாம் பூரி மாதிரி உப்பி நிற்கும்.
"நிறைய இருக்கும் போலிருக்கே" என்று
கமருதீன் கடையில் டூரிஸ்ட்டுகள் வாங்குவார்கள்.
கமருதீன் ஒன்றும் சொல்வதில்லை.
நானும்.

உள்ளே இருப்பது சேலத்தில் அடைத்த அதே காற்று.
வெளியே நெருக்க ஆள் குறைந்துவிட்டது,
அவ்வளவுதான்.

மலையேறுகிற காற்றும் இப்படித்தான்.
மேலிருந்து அழுத்தும் பாரம் குறையக் குறையக்
கையைக் காலை நீட்டும்.
நீட்டுகிற செலவுக்குத்
தன் சூட்டையே எடுத்துக் கொடுக்கும்.
ஏரிக்கரை வந்து சேரும்போது
மடியில் பெரிதாய் மிச்சமிருக்காது.

சவரியப்பனுக்கு மேலே ஹாஸ்டலில் சமையல் வேலை.
வாரத்தில் ஒரு நாள் புருஷன், ஆறு நாள் போன்.
எடுத்ததும் கேட்பது,
அங்கே எவ்வளவு?
முப்பத்தொன்பது, என்பேன்,
ஃபேன் சுடுகாற்றைக் கடைந்துகொண்டிருக்கும்.
முப்பது, என்பான்.
முதல் இரண்டு வருஷம்
அந்த ஒன்பதுக்காகவே சண்டை போட்டேன்.

மார்கழியில் நான் கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய்
கல்லாகிவிட்டதென்று
போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தானாம்.
தண்ணீர் சீக்கிரமே தளதளக்கும், பருப்பு மட்டும் வேகாதாம்.
"கொதிக்கிறது வேற, வேகிறது வேற, இங்க வந்து பாரு."
என்னைத்தான் சொல்கிறானோ
என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆறாம் வகுப்புப் பொடிசு ஒன்று
தட்டோடு நின்று கேட்டதாம்:
சூரியனுக்குக் கிட்டத்தானே நாம இருக்கோம் அண்ணா,
அப்புறம் ஏன் குளிருது?
கரண்டியை நீட்டிக் கீழே காட்டினானாம்.
"வெயில் தரையைத்தான் முதல்ல சுடும்.
தரைதான் காத்தைச் சுடும்.
அடுப்பு அங்க இருக்கு, சேலத்துல."
அடுப்பு மேல என் பொண்டாட்டி இருக்கா
என்று சொல்லவில்லையாம்.
சொல்லியிருப்பான்.

சித்திரை எட்டு. மதியம் பன்னிரண்டு பதினாறு.
பிள்ளைகள் மைதானத்தில் குச்சி நட்டிருக்கிறார்கள்,
நீயும் எதையாவது நிறுத்து, என்றான்.
மொட்டைமாடியில் முறுக்கு டின்னை வைத்தேன்.
செருப்பை மறந்து ஏறியிருந்தேன்,
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.
டின்னின் நிழல் சுருங்கிச் சுருங்கி
அடிக்கடியில் போய் ஒளிந்தது.

போச்சா?
போச்சு.
இங்கேயும்.

உலக உருண்டையில் யாரோ
படுக்கைவாட்டில் இழுத்த கோடுகளில்
பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேலே
எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடம்.
பென்சில் முனையின் தடிமனுக்குள் அடங்கிவிடுவோம்.
ஒரே சூரியன், ஒரே நேரம்,
இரண்டு உச்சந்தலையிலும் நேராக.
என் கால் வெந்தது.
போனுக்குள் அவன் பக்கம்
சில்வர் ஓக் மரங்களில் காற்று புரளுவது கேட்டது.
அங்கே எவ்வளவு என்று
அன்றைக்கு இரண்டு பேருமே கேட்கவில்லை.

அடுத்த வியாழன்
அவன் ஆற்றித் தந்த தண்ணீரைப் பாதி குடித்து
இறுக்கித் திருகிப் பக்கத்து சீட்டில் போட்டேன்.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு
என்று எண்கள் இறங்கின.
அடிவாரத்தில் பார்த்தால்
பாட்டிலின் இரண்டு கன்னமும் ஒட்டிப் போயிருந்தன.
மூடியைத் திறந்தேன்.
உஸ்ஸென்று
சேலத்தை ஒரு வாய் இழுத்துக்கொண்டு
நிமிர்ந்தது.