கூட்டக் குறிப்பேட்டில் எழுதாதது

தலைவர் ஒருமுறை எண்ணினார், பொருளாளர் ஒருமுறை.
நம்பாமல், செயலாளர் நானும் எண்ணினேன்.
பதினொன்று.
அதில் நாலு மான்.

கோட்டைப் பக்கமிருந்து வந்தவை.
மூலைக்கொடியடியில் புல் நன்றாயிருந்தது போல.
இடைவேளைக்குப் பிறகு அவையும் போய்விட்டன.

அன்றிரவே அவசரக் கூட்டம்,
ஐஸ் ஆலைக்குப் பின்னால் எங்கள் தகரக் கொட்டிலில்.
பொருள்: இளையோரை மைதானத்துக்குக் கொண்டுவருவது எப்படி.
பெரிய ஸ்பீக்கர் கட்டலாம் என்றார் ஒருவர்.
எல்லாருக்கும் ஜேர்சி அடிக்கலாம் என்றார் இன்னொருவர்.
பொருளாளர் பேசாமல் வங்கிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்,
நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
வீடியோ எடுத்துப் போனில் போடுவோம் என்றான் ஹில்மி.
எதைப் போடுவது?
மூதூர் அணியிடம் ஆறு வாங்கியதையா?
தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.
'ஆலோசிக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பம் வைத்தோம்.

நான் பள்ளிக்கூட ஹயர் ஓடுகிறவன்.
உவர்மலையிலிருந்து பள்ளத்தோட்டம் வரை
ஓட்டோவில் ஏழு பிள்ளைகள், ஏழு மூட்டைப் புத்தகம்.
திங்கட்கிழமை கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன்:
"ஏன் பிள்ளையள் மட்ச் பார்க்க வாறேல்ல?"

"மூண்டரைக்கு ரியூசன் அண்ணை."
"எனக்கும்."
"உங்கட டீமில ஒருத்தரையும் தெரியாதே."
ஸ்பெயினில் ஓடுகிறவனுக்கு முழங்கால் வலி என்பது
இவர்களுக்குத் தெரியும்.
எந்த முழங்கால் என்பதும்.

"கோல்கீப்பர் ஆர்?"
கேட்டவள் ஜெனோஷா, ஏழாம் ஆண்டு,
எப்போதும் சீட்டின் விளிம்பில் பாதி உட்காருபவள்.
அமலதாஸ் என்றேன்.
"மார்க்கெட்டில பாரை வெட்டுற மாமாவோ?
செதில் போகேல்ல எண்டு நேற்று அம்மா
அவரோட சண்டை பிடிச்சவ!"
வண்டி முழுக்கச் சிரிப்பு.
பிறகு அமைதி.
பிறகு, மெதுவாய்:
"அவர் பாய்வாரோ?"

ஓட்டோவை ஓரங்கட்டினேன்.
நிலாவெளி பஸ்ஸில் மிச்சக்காசு தராத றிஸ்மி
எங்களுக்கு இடப்பக்கம் ஓடுகிறவன்.
மத்திய வீதியில் உடைந்த போனுக்குத் திரை மாற்றும் விதுரன்
எங்கள் பின்கள மதில்.
எல்லாரையும் தெரிந்திருக்கிறது இவர்களுக்கு.
ஆடுகிறார்கள் என்பதைத் தவிர.

ஸ்பீக்கர் கட்டவில்லை.
ஆட்டத்தை ஐந்து மணிக்கு மாற்றினோம்.
அமலதாஸ் ஒவ்வொரு மீன்பையோடும் செய்தி சொல்லியனுப்பினான்.
றிஸ்மி ரிக்கெற்றின் பின்புறம் எழுதிக் கொடுத்தான்:
'ஞாயிறு 5 மணி. மிச்சம் அங்கே.'

வந்தார்கள், ரியூசன் பைகளோடு.
மதிலில் வரிசையாய் ஏறினார்கள்.
றிஸ்மியின் காலுக்குப் பந்து போனால்
"மிச்சக்காசு! மிச்சக்காசு!"
எங்கள் கோலடியில் பந்து என்றால்
"பாரை! பாரை!"
எதிரணிப் பயிற்றுநர் என்னிடம் வந்து அர்த்தம் கேட்டார்.
சொல்லவில்லை.

சீனக்குடாப் பக்கம் மாவாலை விளக்குகள் எரியத் தொடங்கின.
பந்தைப் பாதி கண்ணாலும் மீதி ஊகத்தாலும் துரத்தினார்கள்.
ஓட்டோவின் ஒற்றை முகவிளக்கைக்
கோலுக்கு நேரே திருப்பி வைத்தேன்.
கடைசி நிமிடம். தண்டனை உதை.
பந்து வலப்பக்கம்,
அமலதாஸ் இடப்பக்கம்.

குறிப்பேட்டில் எழுதியது:
ஒன்றுக்கு இரண்டு, தோல்வி.
வந்தோர் நாற்பத்திமூன்று.
(மான்களையும் சேர்க்கச் சொல்லி ஜெனோஷா அடம்பிடிக்க,
வெட்டி, நாற்பத்தேழு.)

எழுதாதது:
மறுநாள் காலை ஆறரைக்கு மார்க்கெட்டில்
அவள் தம்பி மீன்பையை நீட்டாமல் நின்றான்.
"ஏன் மாமா அந்தப் பக்கம் பாய்ஞ்சனீங்கள்?"

அமலதாஸ் கத்தியைக் கீழே வைத்தான்.
பலகையில் இரண்டு பாரைத் தலைகளைக்
கோல்கம்பமாய் நிறுத்தினான்,
நடுவில் தானாக ஓர் இறால்.
பின்னால் எட்டுப் பேர் காசோடு காத்திருக்க
விளக்கிக்கொண்டிருந்தான்,
யாரோ ஒரு விசர் ஓட்டோக்காரன்
கண்ணுக்கு நேரே லைற் அடித்த கதையை.