எர்த்

ஹாரன் அடித்தால் வைப்பர் ஒருமுறை துள்ளுகிறது.
ஹெட்லைட் போட்டால் பாதிக் கண்ணாடியில் படுத்துவிடுகிறது.
விளக்கை அணைத்தால்
முனகிக்கொண்டே மறுபடி எழுந்து நடக்கிறது.
சாலையைப் பார், அல்லது மழையைத் துடை,
இரண்டும் ஒருசேரக் கேட்காதே
என்கிறது எண்பத்தாறாம் வருடத்து லாரி.

அங்குதிலிருந்து சக்காவோ படகுத்துறை வரை
அப்படித்தான் வந்தேன்:
வளைவில் விளக்கு, நேர்ச்சாலையில் வைப்பர்.
பாலத்தருகே நிறுத்தி
பின்னாலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து
இரண்டாக வெட்டிக் கண்ணாடியில் தேய்த்தேன்.
மாவுப்பால் பட்ட இடத்தில்
துளிகள் உருளாமல் தாளாக வழிந்தன.
பத்து நிமிடத்துக்குப் போதும்.
பிறகு இன்னொரு கிழங்கு.
சந்தைக்குப் போகும் சரக்கை
நானே தின்றுகொண்டு வருவதுபோல் இருந்தது.

துறை மூடியிருந்தது. கால்வாயில் காற்று.
முப்பது லாரி வரிசையில் எஞ்சின் அணைத்து நிற்க
என் முன்னால், வேறு யார் நிற்பார்கள்,
எவாரிஸ்தோ நாவெல்கின்.

போன அறுவடையில்
பதின்மூன்று மூட்டை.
நான் ஏற்றினேன் என்கிறேன்.
வந்து சேரவில்லை என்கிறான்.
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.

பானெட்டைத் தூக்கினேன்.
ஃபியூஸ் முழுசு.
சுவிட்ச் புதுசு, மாற்றி நாலு மாதம்தான்.
வைப்பர் கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தி
வெறுங்காற்றில் ஓடவிட்டேன்:
சுமை இல்லாமலும் அதே முனகல்.
சோதனை பல்பை மோட்டாரின் வயரில் வைத்தேன்.
பளிச்சென்று எரிந்தது.
வர வேண்டியது வருகிறது.
பிறகு எதற்கு இந்த நொண்டல்?

மோட்டாரே போயிற்று என்று
வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தபோது
டார்ச் வெளிச்சம் ஒன்று என் தோள்மேல் விழுந்தது.
வணக்கம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
'எர்த்' என்றான்.

எங்கள் தீவில் அதற்கு மாசா என்று பெயர்.
பிசைந்த ரொட்டி மாவுக்கும் அதே சொல்.
போன கரண்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டும்;
அது இல்லாவிட்டால்
விளக்கு வழியாக, ஹாரன் வழியாக
அடுத்த வீட்டுக் கொல்லைப்புறமாகத்தான்
தட்டுத்தடுமாறித் திரும்பும்.
இது எனக்குத் தெரியாததா?
தெரியும். மழையில் மறந்துவிட்டது.

ஒரு வயரின் நுனியை மோட்டார் உடம்பிலும்
மறுநுனியை பேட்டரியின் மைனஸிலும் அழுத்தினேன்.
ஹெட்லைட் எரிய எரிய
வைப்பர் இரண்டும்
கடன்காரனைக் கண்டதுபோல் ஓடின.

பிறகு தேடினோம். அவன் டார்ச், என் விரல்.
மோட்டாருக்கடியில் பின்னல் பட்டை ஒன்று,
கடல்காற்று தின்று
பச்சைப் பொடியாகக் கையோடு வந்தது.
போல்ட்டைச் சுரண்டினேன், இரும்பு வெள்ளையாகும்வரை.
அவன் தன் லாரிக்குப் போய்
தடித்த கறுப்பு வயர் ஒரு முழம் வெட்டி வந்தான்.
எதிலிருந்து வெட்டினான் என்று கேட்கவில்லை.
பல்வாஷர் போட்டு இறுக்கி
மேலே கிரீஸ் பூசினேன்.

'எவ்வளவு?' என்றேன்.
மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தான்.
போய்விட்டு வந்தது கறுப்பு ரப்பர், போய்விட்டு வந்தது.
'பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம்' என்றான்.

நான் சரி என்று சொல்லவில்லை.
ஏற்றியது நான், எனக்குத் தெரியாதா எண்ணிக்கை.
ஆனாலும் காப்பிக் குடுவையை ஜன்னல் வழியாக நீட்டினேன்.
குடித்துவிட்டு மூடியைத் துடைத்துத் தந்தான்.

விடியற்காலை நாலு மணிக்குக் காற்று அடங்கியது.
படகின் இரும்புப் பலகைமேல் அவன் சிவப்பு விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாக ஏறின.
ஒன்று எரியவில்லை.

இடது ரப்பர் இன்னும்
சரியாக என் கண்மட்டத்தில்
ஒரு கோட்டைத் துடைக்காமல் விடுகிறது.
குனிந்து ஓட்டுகிறேன்.