காற்றெடுப்பு

கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப்
பதினாலு பேரைச் சுமக்கும் ஜீப்
நாலு கல்மேல் நிற்கிறது, சக்கரமில்லாமல்.
டிரம்மைக் கழற்றிச் சாக்கில் போட்டாயிற்று.
டிஸ்க் புதுசு. நகைச்சீட்டுப் பணம்.
ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது; எந்த இடத்ததென்று
அவனுக்கும் தெரியவில்லை.

"அமுத்து" என்கிறான் மொக்கராசு,
வீல் இருந்த இடத்திலிருந்து.
அமுத்துகிறேன்.
"பிடி."
பிடிக்கிறேன்.
ஸ்பானர் திரும்ப, குழாய் வழியே
கலர் பாட்டிலுக்குள்
கொப்புளம் கொப்புளமாய்க் காற்று.
"விடு."

பெடல் முதலில் சேற்றை மிதித்த மாதிரி.
பிறகு களி.
இருட்டும்போது கல்.

"போதும்ல?" என்கிறான்.

போன ஆனி மழையில், ஒன்பதாம் வளைவில்,
ஜீப் நிற்காமல் வழுக்கியபோது
பின்சீட்டில் நாங்கள் பன்னிரண்டு பொம்பளைகளும்
வெறுந்தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னொரு தடவை" என்கிறேன்.