கடைசி டிராம்

மாலை வகுப்பில் ஆறு பேர்.
ஹீட்டர் இருமும் அறை, வெளியே கென்ட் நகரத்து மழை.
'அருள் என்றால் என்ன? மேற்கோளுடன் விளக்குக'
என்று கேட்டிருந்தேன்,
ஏதோ எனக்குத் தெரிந்துவிட்டதுபோல.

ஐந்து விடைத்தாள்களில் பாடநூல் பேசியது.
ஆறாவது ரைன்ஹில்டவுடையது.
வயது ஐம்பத்தெட்டு, டிராம் ஓட்டுகிறவர்,
பூசைக்குப் போவதை நிறுத்தி முப்பது வருஷம்.
எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'நள்ளிரவுக் கடைசி வண்டியில் யாரும் இருப்பதில்லை.
நிறுத்தத்திலும் இல்லை.
ஆனாலும் நிற்க வேண்டும்,
எல்லாக் கதவையும் திறந்து
பத்து எண்ண வேண்டும். விதி.
முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது.
இப்போது எண்ணும்போது
வேறெதையும் நினைப்பதில்லை.'

மேற்கோள் இல்லை. அடிக்குறிப்பு இல்லை.
கடவுள் என்ற சொல்லே இல்லை.
சிவப்புப் பேனாவை மூடினேன், திறந்தேன்,
இருபதுக்குப் பதினொன்று போட்டேன்.
பாஸ்தான். கஞ்சனின் பாஸ்.

வியாழனன்று வேண்டுமென்றே தாமதித்து
அவர் வண்டியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் பார்த்தாரா, தெரியவில்லை.

கோவில் நிறுத்தம் என்றுதான் இன்னமும் பெயர்.
உள்ளே இப்போது சுவரேறிப் பழகுகிறார்கள்;
பீடமிருந்த இடத்தில்
நீலக் கயிறுகள் தொங்குகின்றன.

கதவு திறந்தது.
ஒருவரும் ஏறவில்லை. குளிர் ஏறியது.
நானும் எண்ணத் தொடங்கினேன்,
உதடு அசையாமல்,
செபமாலை உருட்டக் கூச்சப்படுகிறவன் மாதிரி.
ஆறு.
ஏழு.
யாராவது ஓடி வந்துவிட மாட்டார்களா என்று
இருட்டைப் பார்த்ததில்
எட்டை விட்டுவிட்டேன்.
அவர் விடவில்லை.